மனசில் எட்டு, கையில் ஐந்து

வலது உள்ளங்கை உச்சந்தலையில் இருக்கிறது. இடது கையின் ஐந்து விரல்களும் விரிந்து முகத்துக்கு நேரே நிற்கின்றன. மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்த அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் தெரிகிறாள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டிருந்தேன். "மனசுல எட்டு, கையில அஞ்சு" என்று கணீரென்று சொன்னாள். எட்டைத் தலைக்குள் வைத்து அழுத்துவதுபோல ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். எட்டுக்கு அப்புறம் ஒன்பது என்று முதல் விரலை மடக்க வேண்டியதுதான் பாக்கி. விரல் மடங்கவில்லை. விரல்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "டீச்சர், மனசுல இன்னா வெச்சேன்?" என்று கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனையோ நாள் கூசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கூச்சம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த ஒரு சின்னத் தொடக்கப்பள்ளியில் நான் அப்போது ஆசிரியை. திருவொற்றியூரில் வீடு. காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து நிரம்பி வழிந்துகொண்டு வரும் ரயிலில் எப்படியோ ஒரு காலை வைத்து ஏறிவிடுவேன். இறங்கி நடந்து பள்ளிக்குள் நுழையும்போதே கண்டெய்னர் லாரிகளின் புழுதி என் புடவை முழுக்க இருக்கும். நான் கொஞ்சம் முன்கோபி. கொஞ்சம் என்பதுகூட என் வாயால் சொல்வது. என் வீட்டில் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். கணக்குப் பாடத்தில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. கணக்கு வராத பிள்ளை என்று யாருமே கிடையாது, கவனிக்காத பிள்ளைதான் உண்டு என்று ஆசிரியர் அறையில் அடித்துப் பேசுவேன். மற்றவர்கள் டீயை ஊதிக்கொண்டே தலையாட்டுவார்கள். என்னோடு யார் வாதாடுவது?

நம்மில் பெரும்பாலோர் கூட்டல் கற்றது அந்த முறையில்தான். பெரிய எண்ணை மனசில் வை, சின்ன எண்ணைக் கையில் வை, மனசில் இருப்பதற்கு அடுத்த எண்ணிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கு. கை கண்ணுக்குத் தெரியும். மனசு தெரியாது. அதனால் குழந்தைகள் தலையில் கையை வைத்துக்கொள்வார்கள், அங்கே வைத்தது ஓடிவிடாமல் பொத்திக்கொள்வதுபோல. அந்தப் பெண் இரண்டாம் வகுப்பிலும் என்னிடம்தான் படித்தாள். அப்போது அவளுக்குத் தலையில் கை வைக்கும் தேவைகூட இருக்கவில்லை. பதினேழும் ஆறும் என்று நான் முடிப்பதற்குள் விடை வந்து விழும். மற்ற பிள்ளைகள் இன்னும் விரலைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். நாற்பத்திரண்டு பெட்டி என்றால் நாற்பத்திரண்டுதான் இருக்கும். நானே ஒருநாள் கூடவே எண்ணிப் பார்த்து நாற்பத்தொன்று என்றேன். "எஞ்சின விட்டுட்டீங்கோ டீச்சர்" என்றாள்.

அவளுடைய அப்பாவை அவள் நைனா என்று கூப்பிடுவாள். அவர் முதலில் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலை நின்றுபோனதும், வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் இருந்த பட்டறையில் சேர்ந்தார். லாரிகளிலிருந்து கழற்றிப் போட்ட பழைய பேட்டரிகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி எடுத்து, உருக்கிப் பாளமாக வார்த்து அனுப்புவார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அந்தச் சந்தைத் தாண்டும்போது தொண்டையில் ஒரு புளிப்புக் காந்தல் ஏறும். சுவரோரத்துப் பூவரச மரத்தின் இலைகள் மழை பெய்த மறுநாள் மட்டும்தான் பச்சையாக இருக்கும். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வேலை வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு விட்டுவிடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவருடைய மனைவிக்கு ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை, பகல் இரண்டு மணிக்குப் போனால் இரவில்தான் திரும்புவார். ஆகவே மாலை முழுவதும் குழந்தை அப்பாவிடம்தான்.

இரண்டாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு அவள் தடுமாறத் தொடங்கினாள். பெரிதாக ஒன்றுமில்லை. மீதி ஒன்று என்று சொல்லிவிட்டு அந்த ஒன்றைக் கூட்ட மறப்பாள். கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு எண்ணை எடுத்துப் போவதற்குள் ஒரு இலக்கம் வழியில் தவறிவிடும். பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அப்பா வந்தார். பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தார். நீலச் சட்டை, அதன் மேல் மாவு சலித்ததுபோலச் சாம்பல் பூத்திருந்தது. வாசலிலேயே நின்றார். பெஞ்சில் உட்காரச் சொன்னால், "வோணாம் டீச்சர், அழுக்காய்டும்" என்றார்.

"எம் பொண்ணு எப்டி கீது டீச்சர்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தானும் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் என்றார். "கணக்கு மட்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு டீச்சர். ஒரு லோடுல எத்தினி மூட்டைன்னு மேஸ்திரி என்னியத்தான் கேப்பான், நோட்ட பாக்க மாட்டான்" என்றார். அவளை எப்படியாவது வங்கியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டில் யாராவது சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டேன். "சொல்லித் தரலாம்னுதான் பாக்கறேன். வேலை வுட்டு வந்து, குளிச்சு, துன்னு முடிக்கறதுக்குள்ள அது தூங்கிப் பூடுதே" என்றார்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். கேட்டுக்கொண்டு வந்தவர் யாராக இருந்தாலும் யோசனை சொல்லாமல் அனுப்பியதில்லை நான். "குளியல், சாப்பாடு எல்லாம் அப்புறம். வீட்டுக்குள்ள வந்த உடனே, முதல்ல கணக்கு. மடியில உக்கார வெச்சுக்கோங்க, ஓடிப் போகாது. தினமும் ஒரு மணி நேரம். ஒருநாளும் விடாதீங்க" என்றேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பி, "விட மாட்டேன் டீச்சர்" என்றார். சொன்னபடி செய்தார். பெற்றோர்களிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன்; பாதிப் பேர் படி இறங்குவதற்குள் மறந்துவிடுவார்கள். நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த மாலைகளை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். நைனா வருவார், செருப்பைக் கழற்றுவார், சுவரில் சாய்ந்து உட்காருவார், இவள் போய் மடியில் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய விரல்கள் போதாத கணக்குக்கு அவருடைய விரல்களை எடுத்துக்கொள்வாள். அவர் விரல்களில் கறுப்பு ஏறியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொட்டுக்கொள்வாள். கணக்கு சரியாக வந்தால் அவர் அவளைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைக்கச் சொல்லி ஆட்டுவார். ஒரு மணி நேரம் என்று நான் சொன்னது சில நாள் ஒன்றரை மணி நேரமாகவும் ஆகும். இதையெல்லாம் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆசிரியர் அறையில் போய், இப்படி ஒரு தகப்பன் இருந்தால் நமக்கு வேலையே இல்லை என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆனால் கணக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடாமல் போனது. அவர் சொல்லித் தரத் தர அவளுக்குக் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் வகுப்பில் முதல் பருவம் முடிவதற்குள் இருபதைத் தாண்டிய கூட்டல் எதுவும் அவள் கையில் நிற்கவில்லை. வாய்ப்பாடு நன்றாக ஒப்பிப்பாள். போன வருஷம் நான் என்ன நிறப் புடவையில் விளையாட்டு விழாவுக்கு வந்தேன் என்பதுகூடச் சொல்வாள். ஆனால் ஒரு எண்ணை அரை நிமிஷம் மனசில் வைத்திருக்கச் சொன்னால் வைக்க முடியாது. "பையில இருக்கற நோட்டை எடுத்து, எட்டாம் பக்கம் திருப்பி, தேதி போடு" என்பேன். நோட்டை எடுப்பாள், பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்பாள், அதுவும் பெரும்பாலும் கணக்கு வகுப்பில். நடிக்கிறாள் என்று நினைத்தேன். வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள் அதேபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தியைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினேன். அவர்கள் எல்லோரும் அந்தப் பட்டறையைச் சுற்றி இருக்கும் தெருக்களிலிருந்து வருகிறவர்கள் என்பது என் வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. தினமும் அதைத்தான் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், கண்ணில் படவில்லை.

எட்டும் ஐந்தும் நடந்த அன்று, சிரித்து முடித்த பிறகு, அவளை மேசைக்கு அருகே கூப்பிட்டேன். "மனசு எங்கடி போச்சு?" என்று கேட்டு, விரித்திருந்த அந்த விரல்களின் மேலேயே மர ஸ்கேலால் ஒன்று வைத்தேன். அடிக்கக் கூடாது என்று தெரியும். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் யாரையும் அடித்ததில்லை என்று சொன்னால் அது பொய். அவள் அழவில்லை. அடுத்த நொடி மறுபடியும் தலையில் கையை வைத்து, "மனசுல எட்டு..." என்று முதலிலிருந்து தொடங்கினாள். எனக்கு ஏனோ பகீரென்றது. பிடிவாதக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும், சோம்பேறிகளைத் தெரியும், குறும்புக்காரர்களைத் தெரியும். இவள் அந்த மூன்றில் எதுவும் இல்லை. ஏதோ ஒன்று அவளுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போய்க்கொண்டிருந்தது. களவு போகிறது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு சில வாரங்களில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் மாணவர்கள் சிலரும் பள்ளிக்கு வந்தார்கள். வழக்கமாக உயரம், எடை, பல் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த முறை ரத்தமும் எடுத்தார்கள். அந்தப் பகுதியில் ஈயம் உருக்கும் இடங்கள் இருக்கின்றன, அதனால்தான் என்றார்கள். பதினைந்து நாள் கழித்து டாக்டரம்மா மறுபடி வந்து, ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொடுத்து அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அவள் பெயர் எல்லோருக்கும் மேலே இருந்தது.

அவளை எதிரில் உட்கார வைத்து டாக்டரம்மா, "நாலு, ஏழு, ரெண்டு. சொல்லு பார்க்கலாம்" என்றார். சொன்னாள். "அதையே இப்போ கடைசியிலேர்ந்து சொல்லு" என்றார். அவள் கை தானாகத் தலைக்குப் போனது. "ரெண்டு" என்றாள். பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு எண்களாகக் குறைத்தார்கள். அப்போதும் திணறினாள். நான் அருகே நின்று, இரண்டு, ஏழு, நாலு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், அவளுக்குக் கேட்டுவிடாதா என்று. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "அறிவுல ஒரு குறையும் இல்ல டீச்சர். பழசெல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணைப் பிடிச்சு வெச்சுக்கிட்டே இன்னொண்ணைச் செய்யணும் பாருங்க, அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அங்கதான் அடிபட்டிருக்கு. கணக்குக்கு முதல்ல வேணுங்கறது அந்த இடம்தான்." திரும்ப வருமா என்று கேட்டேன். "இனிமே போகாம பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, வீட்டில் குழந்தை யாரோடு அதிக நேரம் இருக்கும் என்று கேட்டார். அப்பாவோடு, தினமும் ஒரு மணி நேரம் மடியில் வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறார் என்றேன். எப்போது என்று கேட்டார். வேலையிலிருந்து வந்த உடனே என்றேன். குளித்துவிட்டா, குளிக்காமலா என்று கேட்டார். குளியல் எல்லாம் அப்புறம் என்று நான் சொன்னது எனக்கே காதில் கேட்டது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்று மாலை ரயிலில் யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு டாக்டரம்மாவே பேசினார். பட்டறைத் துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், குளித்து உடை மாற்றாமல் பிள்ளையைத் தொடாதீர்கள் என்றார். அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மகளுக்கு இருந்ததைவிட ஈயம் பல மடங்கு இருந்தது. வேலையை விட்டுவிடுவது நல்லது என்று சொன்னபோது, வேறு வேலை கிடைத்ததும் விட்டுவிடுகிறேன் என்றார். தெருக்குழாயில் குளித்து, பொட்டலமாக வைத்திருந்த வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போக ஆரம்பித்தார். குழந்தையிடம், நைனா மேல் அழுக்கு, குளித்த பிறகுதான் கிட்டே போக வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள்.

என் பங்கு மிச்சமிருந்தது. பல நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், எனக்குத் தூக்கமும் இல்லாமல் சாப்பாடும் இறங்காமல் போன நிலையில், அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. குழந்தை வெளியே பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். குளிக்க வேண்டாம் என்று சொன்னது நான், மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது நான், அந்த ஒரு மணி நேரத்தில்தான் உங்கள் சட்டையில் இருந்தது அவளுக்குள் போயிற்று, உங்கள் மேல் தப்பே இல்லை என்றேன். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க இன்னா பண்ணுவீங்கோ டீச்சர், ஒங்களுக்கு இன்னா தெரியும்" என்றார். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. பாப்பாவுக்கு மட்டும் இத்த சொல்லிடாதீங்கோ. எம் மடியில ஒக்காந்ததாலதான் இப்டி ஆச்சுன்னு தெரிஞ்சா, அது எங்கிட்ட வராது டீச்சர். எத்தினி வயசானாலும் வராது."

சொல்ல மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். இறக்கி வைத்தாயிற்று என்ற நிம்மதி. யார் தலையில் இறக்கி வைத்தேன் என்று யோசிக்கவில்லை.

அவரிடமும் ஏதோ சரியில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். எத்தனை மூட்டை என்று நோட்டைப் பார்க்காமல் சொன்ன மனிதர், பள்ளிக்கு வந்தால் எதற்கு வந்தேன் என்று வாசலில் நின்று யோசிப்பார். டாக்டரம்மா பள்ளியில் கொடுத்துவைத்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து, சீட்டு தரவில்லையே என்பார். அது சட்டைப் பையிலேயே இருக்கும். சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். சாயங்காலம் பள்ளி விட்டு நான் பிள்ளைகளை வாசலில் நின்று அனுப்பிக்கொண்டிருந்தேன். பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். அவளுடைய அப்பா வந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு வரமாட்டார். பட்டறையில் ஏதோ கரண்ட் இல்லையென்று சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். அந்த நீலச் சட்டையிலேயே வந்திருந்தார். தோளிலும் மார்பிலும் சாம்பல் அப்பியிருந்தது, தலைமுடிகூட நரைத்ததுபோல இருந்தது. அவள் என் பக்கத்தில் நின்றாள். அவர் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவளிடம் வந்தார், பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவளைத் தூக்கிக்கொள்ள.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவர் நீட்டிய கையோடு நின்றார். "ஏன் டீச்சர்?" என்றார். விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. "எம் பொண்ணத் தொட்டா இன்னா? இன்னா ஆச்சு அதுக்கு? யாரும் எங்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்றீங்களே" என்றார். குரல் உடைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதில் ஒரு சொல்கூட அவரிடம் இல்லை.

அழுக்காக இருக்கிறீர்கள், குளித்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவர் போயிருப்பார். அந்த வரி எனக்கு அப்போது வரவில்லை. அத்தனை பாடுபட்டுச் சொன்னதை இவர் மறந்துவிட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது, அதோடு பயமும். "எத்தனை தடவைங்க சொல்றது! உங்க சட்டையில இருக்கற ஈயம்தாங்க. உங்க மடியில உக்காந்து உக்காந்துதான் அவளுக்கு இப்படி ஆச்சு!" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது. ஒரு எண்ணை அரை நிமிஷம் மனசில் வைக்கத் தெரியவில்லை என்று நான் அடித்த குழந்தை அது. ஒரு சத்தியத்தைப் பன்னிரண்டு நாள் வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை.

அவள் அப்பாவின் கைகளைப் பார்த்தாள். பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

அந்தப் பட்டறை இப்போது அங்கே இல்லை. புகார்கள் போய், ஒருநாள் பூட்டுப் போட்டார்கள். வடக்கே எங்கோ இதைவிட ஒதுக்கமான இடத்தில் நடக்கிறது என்று பேச்சு. நானும் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். மூன்றாம் வகுப்புக்குத்தான் இன்னும் எடுக்கிறேன்; எந்தக் குழந்தை எண்ணைத் தவறவிட்டாலும் இப்போதெல்லாம் முதலில் எந்தத் தெரு என்று கேட்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், தாளில், சிலேட்டில், கையில், எங்கே வேண்டுமானாலும். யாரையும் மனசில் வைக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை.

போன மாதம் தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தேன். அவள் வளர்ந்துவிட்டாள், பத்தாம் வகுப்பு. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள். இடது உள்ளங்கை நிறையப் பேனாவில் எழுதியிருந்தது: பஸ் எண், மருந்தின் பெயர், வாங்க வேண்டிய சாமான்கள். கணக்கில் ஒவ்வொரு வரியையும் எழுதி எழுதிப் போட்டால் வருகிறது டீச்சர், நேரம்தான் போதவில்லை என்றாள். வங்கியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளுடைய அப்பா நான்கைந்து அடி தள்ளி நின்றார். வெள்ளைச் சட்டை, குளித்துத் தலை வாரி, நெற்றியில் விபூதி. வேலைக்குப் போவதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகின்றன. கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை.

"இன்னாம்மா, தள்ளியே நிக்கிற? கிட்ட வா" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் போகவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "தெனமும் கேக்குறாரு டீச்சர்."

"நீ என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரு வாட்டி சொன்னேன். அன்னிக்கு பூரா அழுதுகினே இருந்தாரு. அடுத்த நாள் எழுந்து மறுபடியும் கேட்டாரு, ஏம்மா தள்ளியே நிக்கிறன்னு." அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப அவர் மேல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் டீச்சர். போலாம்னுதான் நெனைப்பேன். காலு போவ மாட்டுது."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பாரிமுனை போகும் பஸ் வந்துவிட்டது. கூட்டம் அதிகமில்லை. அவர் முதலில் ஏறி ஓர் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்தில் இருந்த இடத்தைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார். பிறகு அவளைப் பார்த்து அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். பஸ் கிளம்பியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.